தெள்ளுக்குச் சீப்பு இல்லையென்றால் அவசரப்படாதீர்கள்

நேற்று மாலை பெறுபேறு வந்தது. ஒட்டுண்ணியியல் பாஸ், அதுவும் பி. போன வருஷம் இதே பாடத்தில் எனக்கு ரிப்பீட். விழுத்தியது ஒரு தெள்ளு.

ஸ்பொட் டெஸ்டில் (மேசைக்கு மேசை போய் மாதிரியைப் பார்த்துப் பெயர் எழுதும் சோதனை) ஏழாவது மேசை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கன்னத்திலும் சீப்பு (சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும் முட்கள்) இல்லை, கழுத்துக்குப் பின்னாலும் இல்லை. சீப்புள்ள நாய்த் தெள்ளு இல்லை என்ற சந்தோஷத்தில் 'பியூலெக்ஸ்' (மனிதத் தெள்ளு) என்று எழுதிவிட்டு மணி அடிக்கும்வரை சும்மா நின்றேன். அது ஸெனொப்சில்லா, எலித்தெள்ளு. பெயர் பிழைத்ததும் அந்த மேசையின் துணைக் கேள்விகளும் கூடவே போயின.

சீப்பில்லாத இந்த இரண்டும்தான் ஆளைக் கவிழ்க்கும். ஸெனொப்சில்லாவின் நடுநெஞ்சுப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுத்த கோடு இறங்கும், குடைக்கம்பி மாதிரி. பியூலெக்ஸில் அது கிடையாது. கண்ணுக்கு முன்னால் மயிர் இருந்தால் ஸெனொப்சில்லா, கீழே இருந்தால் பியூலெக்ஸ் என்றும் சொல்வார்கள். மயிர் உடையும். நான் கம்பியைத்தான் நம்புவேன்.

படம் பார்த்து எனக்கு ஏறாது. அறுவடை முடிந்த கையோடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாமாவின் வயலுக்குப் போய் வரம்பில் தெள்ளுக்காக அகழான் எலி வளைகளுக்குப் பொறி வைத்தேன். விழுந்ததை உடனே வெள்ளைத் துணிப் பையில் கட்ட வேண்டும். எலி செத்து உடம்பு குளிர்ந்தால் தெள்ளு இறங்கிவிடும். (பிளேக் காலத்தில் எலிகள் செத்தபின் மனிதருக்குக் கடி விழுந்ததும் இதனால்தான், தியரிக்கும் உதவும்.) கையுறை கட்டாயம். "மனே, அந்தப் பையை விறாந்தையிலயே வை" என்று மாமி வாசலை மறித்து நின்றா.

தியரிக்கு நான் மனப்பாடம் செய்தவை:
1898, கராச்சி, சிமொண்ட்: எலித்தெள்ளுதான் பிளேக்கைக் கடத்துகிறது.
1903, ரொத்சைல்ட்: சூடானில் கிடைத்த தெள்ளுக்கு பிரமிட் மன்னன் பெயரில் 'சியோப்பிஸ்' (ஸெனொப்சில்லாவில் ஓர் இனம்).
1914, பேக்கொட், மார்ட்டின்: கிருமி தெள்ளின் முன்குடலை அடைக்கிறது. பசியில் திரும்பத் திரும்பக் கடிக்கும்.
அதே 1914இல் கொழும்பில் பிளேக். அங்கே ஹேர்ஸ்ட் காட்டியது: ஸெனொப்சில்லாவின் இன்னோர் இனமான அஸ்டியா, சியோப்பிஸ் அளவுக்குப் பிளேக்கைப் பரப்பாது. நம் நாட்டுக் கதை, விடாதீர்கள்.

இந்த இரண்டு இனத்தையும் பிரிக்கப் பெண் தெள்ளின் ஸ்பெர்மதீக்காவை (விந்தைச் சேமிக்கும் பை; தலை, வால் என்று இரு பகுதி) பாருங்கள். சியோப்பிஸில் வாலின் அடி தலையளவு அகலம். அஸ்டியாவில் தலை பெருத்து வால் ஒடுங்கியிருக்கும்.

அப்புறம், ஸ்லைடை அசைக்காதீர்கள். புள்ளி வெட்டுவார்கள். இந்தமுறை தெள்ளு நாலாவது மேசையில், தலைகீழாக. கழுத்தைச் சாய்த்தே கம்பியைப் பார்த்தேன்.