சித்தப்பாவோட மூணாவது ராத்திரி

குடிய விட வைக்க என்ன பண்ணலாம்னு கேட்டா எங்க பக்கம் மொதல்ல சொல்றது கோயில்ல கயிறு கட்டுங்கன்றதுதான். எங்க சித்தப்பாவும் பாண்டி முனி கோயில்ல சத்தியம் பண்ணி கட்டிக்கிட்டாரு. பதினஞ்சு வருசமா தினம் குடிச்ச மனுசன், அன்னையிலருந்து ஒரு சொட்டு தொடல. மூணாவது நாள் ராத்திரி கை ரெண்டும் வெடவெடன்னு நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, செவுத்துல எறும்பு ஊறுது தட்டிவிடுங்கடான்னு கத்துறாரு, செவுத்துல ஒண்ணுமே இல்ல. முனி கோவிச்சிருச்சுன்னு அப்பத்தா விபூதி பூசுது, பக்கத்து வீட்டுக்காரரு ஒரு குவார்ட்டர் ஊத்துங்க சரியாயிரும்ன்றாரு. சித்திதான் அழுது புடிச்சு ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோச்சு.

தினம் நெறைய குடிச்சுப் பழகுன ஒடம்பு, பட்டுன்னு நிறுத்துனா வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உசிரே போகலாம்னு அங்க போயித்தான் எங்களுக்குத் தெரிஞ்சது. நடுக்கத்துக்கு மாத்திரை, பி1 வைட்டமின் ஊசின்னு குடுத்து தேத்துனாங்க. கயிற அவுக்கணுமான்னு கேட்டதுக்கு டாக்டரு, அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆனா மொதல்ல இங்க வந்துட்டு அப்புறம் கோயிலுக்குப் போயிருக்கணும்னாரு. எனக்கும் அதேதான் தோணுது, மருந்தா சாமியான்னு சண்டையே வேணாம், ஒடம்ப மொதல்ல பாருங்க.

டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை, அதப் போட்டுட்டு குடிச்சா மூஞ்சி செவந்து வாந்தி வந்து நெஞ்சு படபடன்னு அடிக்கும். டென்மார்க்ல வயித்துப் பூச்சி மருந்துக்காக சோதிச்ச டாக்டருங்க தாங்களே முழுங்கிட்டு அப்புறம் குடிச்சப்ப தற்செயலா கண்டது, 1940கள்ல. இத குழம்புல கலந்து தெரியாம குடுக்குற வீடுக நெறைய இருக்கு, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அவரு தெரியாம குடிச்சுட்டா பிரஷர் எறங்கி ஆளே போயிரலாம். டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பாத்து எழுதிக்குடுத்த பெறகுதான், சித்தப்பா தெனம் காலையில சித்தி முன்னாடி தானே போட்டாரு.

மாத்திரைய நிறுத்துன பெறகு, ஒரு வருசம் அழகர் எறங்குன அன்னைக்கு கூட்டாளிகளோட குடிச்சுட்டாரு. சித்தி ரெண்டு நாள் பேசல. அப்புறந்தான் ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்டிங்குக்கு போனாரு, 1935ல அமெரிக்காவுல ரெண்டு குடிகாரங்க ஆரம்பிச்சது, காசு கெடையாது, டாக்டர் கெடையாது, குடிச்சவங்களே ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறது. இன்னைக்கு ஒருநாள் குடிக்கல, அவ்ளோதான் கணக்கு. எங்ககிட்ட சொல்லாத அவமானத்தையெல்லாம் அங்க சொல்றாராம்.

எங்க போறதுன்னு தெரியாதவங்க 14446க்கு போன் பண்ணுங்க, அரசாங்க நம்பர், காசு கெடையாது. சித்தப்பா நேத்தும் மீட்டிங்குக்கு கெளம்பிட்டாரு. கயிறு வெளுத்துப்போச்சே மாத்திரலாமான்னு கேட்டேன், இருக்கட்டும்டான்னு சட்டைக்கைய எறக்கிவிட்டுக்கிட்டாரு.