மூன்றாம் முறை

வடசென்னையில் பிள்ளைகளுக்கான சதுரங்கப் போட்டிகளில் நடுவராக நிற்கும் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஓப்பனிங்குகளை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு டிரா கேட்கத் தெரிவதில்லை.

பெரம்பூரில் நடந்த ஒரு போட்டியின் கடைசிச் சுற்று. வியாசர்பாடிச் சிறுமியிடம் யானையும் ஒரு சிப்பாயும். காசிமேட்டுப் பையனிடம் வெறும் யானை. அதைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் நிறுத்தி, அவள் ராஜாவை முன்னேற விடாமல் காத்தான். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த பிறகுதான் யானை எதிர்முனைக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் பிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டிய வழி இது. யாரோ அவனுக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

சிறுமி விடவில்லை. ராஜாவை அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தாள். ஒரே நிலை மூன்றாம் முறையாக வந்தது. பையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

நான் வாய் திறக்கக் கூடாது. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம். ஆனால் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, நகர்த்தும் முறை யாருடையதோ அவரேதான் அதைக் கேட்க வேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்த்தலுக்கு அந்த உரிமை போய்விடும். ஐந்தாம் முறை வந்தால்தான் நடுவர் தாமாகத் தலையிடலாம். கைபேசிச் செயலிகள் சிலவற்றிலோ மூன்றாம் முறையே ஆட்டம் தானாக டிரா ஆகிவிடுகிறது. அதில் பழகிய பிள்ளைகள் நேரில் ஆடும்போதும் அப்படியே காத்திருக்கிறார்கள்.

அவன் கேட்கவில்லை. நேரம் குறைய, யானையைத் தன் பக்கத்துக் கடைசி வரிசைக்கு இழுத்துக்கொண்டான். நடுப்பகுதிச் சிப்பாயை அங்கிருந்து தடுக்க முடியாது. தோற்றான். சிறுமியின் வெற்றியில் ஒரு குறையும் இல்லை. அத்தனை நேரம் சலிக்காமல் அழுத்தியவள் அவள்.

"சார், மூன்று முறை வந்ததே?" என்று வெளியே வந்து கேட்டான். நகர்த்தல்களை அவன் எழுதிவைத்த ஸ்கோர் ஷீட்டிலேயே அந்த இடங்களைக் காட்டினேன். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியனான கடைசி ஆட்டத்தையும் சொன்னேன். அங்கே 55ஆவது நகர்த்தலில் அவரை எதிர்த்து ஆடிய டிங் லிரென் வழுக்கியதும் யானையில்தான். பையன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

விதியில் எனக்குக் குறை இல்லை. நடுவர் சொல்லிக்கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு எதிராக இருவர் ஆடியதாகிவிடும். பயிற்சியாளர்கள்தான் வாரத்தில் ஒரு வகுப்பையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். நான் இப்போதெல்லாம் முதல் சுற்றுக்கு முன்பே பிள்ளைகளைக் கூட்டி, நகர்த்தலை எழுதுவது, காயைத் தொடாமல் கடிகாரத்தை நிறுத்துவது, கைதூக்கி நடுவரை அழைப்பது என ஒவ்வொன்றையும் செய்து காட்டுகிறேன். நேரமாகிறது என்று அமைப்பாளர்கள் முணுமுணுத்தாலும் இதை நிறுத்துவதாக இல்லை.