இரவு நேர பேட்ச் குவெரிகளை பிக்குவெரிக்கு மாற்றிய அனுபவம்

எங்கள் குழுவின் இரவு நேர அறிக்கைகளைத் தயாரிக்கும் பேட்ச் குவெரிகள், அதாவது மொத்தமாகச் சேர்த்து ஓட்டும் டேட்டா கேள்விகள், பல வருடங்களாக ஒரு சாதாரண ரிலேஷனல் டேட்டாபேஸில்தான் ஓடின. டேட்டா பெருகப் பெருக, இரவில் தொடங்கிய வேலை காலையில் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகும் முடியவில்லை. அவற்றை கூகுளின் கிளவுட் டேட்டா சேவையான பிக்குவெரிக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். தெரிந்தவருக்கு எழுதுவது சிரமமில்லை. டேபிள்களை இணைக்கும் ஜாயின், தொகுக்கும் குரூப் பை எல்லாம் அதேதான். ஒரு குவெரிக்கு எது செலவு என்று யோசிக்கும் விதம்தான் மாற வேண்டியிருந்தது.

பழைய இடத்தில் இண்டெக்ஸ் சரியாக இருந்தால் வேண்டிய வரிசைக்கு நேராகப் போய்விடலாம். இங்கே டேட்டா நெடுவரிசை வாரியாகச் சேமிக்கப்படுகிறது. கேட்ட நெடுவரிசைகளை மட்டும்தான் படிக்கும், ஆனால் அவற்றை முழுதாகப் படிக்கும். ஆன்-டிமாண்ட் முறையில் கட்டணமும் படித்த பைட்டுகளுக்குத்தான். எல்லா நெடுவரிசைகளையும் கேட்கும் செலக்ட் ஸ்டார் எழுதி கடைசியில் லிமிட் 10 என்று போட்டாலும், கிளஸ்டர் செய்யாத (ஒத்த மதிப்புகளை அருகருகே அடுக்காத) டேபிள் என்றால் முழு டேபிளுக்கும் கணக்கு ஏறும். அதனால் ஒவ்வொரு குவெரியையும் முதலில் டிரை ரன் (நிஜமாக ஓட்டாத ஒத்திகை) செய்து, எவ்வளவு படிக்கும் என்று பார்த்த பிறகே ஓடவிட்டோம். குறிப்பிட்ட பைட்டுக்கு மேல் போனால் ஓடாதபடி உச்சவரம்பும் வைத்தோம்.

அப்புறம் பெரிய டேபிள்களை நாள்வாரியாகப் பார்ட்டிஷன் செய்தோம், அதாவது நாளுக்கொரு பகுதியாகப் பிரித்தோம். ஒரு குவெரி மட்டும், 'வேர்' (WHERE) என்ற நிபந்தனைப் பகுதியில் தேதி இருந்தும், முழு டேபிளின் அளவையே காட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தேதி வேறொரு சிறிய டேபிளிலிருந்து சப்குவெரி (குவெரிக்குள் இன்னொரு குவெரி) வழியாக வந்துகொண்டிருந்ததுதான் காரணம். எந்தப் பார்ட்டிஷன் வேண்டும் என்பது குவெரி தொடங்கும் முன்பே தெரிந்தால்தான் மற்றவற்றைத் தொடாமல் விட முடியும். தேதியை வெளியிலிருந்து பாராமீட்டராகக் கொடுத்ததும் ஒரு நாள் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இந்தச் சின்ன மாற்றம் இன்னொரு பெரிய பிரச்சினைக்கும் வழிகாட்டியது. பழைய குவெரிகள் பெரும்பாலானவற்றில் 'கரண்ட் டேட்' (ஓடும் நாளின் தேதி) என்றுதான் எழுதியிருந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடும் வரை தொந்தரவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை தடைபட்டு வியாழக்கிழமை மறுபடி ஓட்டினால், அது வியாழனுக்கான கணக்கைப் போடும். போதாததற்கு, பிக்குவெரியில் நேர மண்டலம் சொல்லாவிட்டால் யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) தேதியைத்தான் எடுக்கும். அதனால் அந்தச் சொல்லை எல்லாக் குவெரிகளிலிருந்தும் நீக்கிவிட்டு, எந்த நாளுக்கான ஓட்டம் என்பதை ஷெட்யூலரே கொடுக்கும்படி செய்தோம். கூடவே, புதிய வரிசைகளைச் சேர்க்க மட்டுமே செய்யும் இன்சர்ட்டையும் கைவிட்டோம். ஒவ்வொரு ஓட்டமும் அந்த நாளின் பார்ட்டிஷனை முழுதாக மாற்றி எழுதும். இப்போது ஒரே நாளை எத்தனை முறை ஓட்டினாலும் வரிசைகள் இரட்டிக்காது. தாமதமாக வந்து சேரும் பதிவுகளுக்கென்று தனி ஏற்பாடும் தேவைப்படவில்லை. முந்தைய சில நாட்களையும் தினமும் சேர்த்தே ஓட்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால், பேட்ச் வேலையில் வேகத்தைவிட இதுதான் முக்கியம். ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடினால் யாருக்கும் நஷ்டமில்லை. மறுபடி ஓட்டவே பயமாக இருக்கும் குவெரியை நம்பி நிம்மதியாகத் தூங்க முடியாது.

அவசரமில்லாத குவெரிகளுக்கு 'பேட்ச்' முன்னுரிமை கொடுத்தோம். கணினி வளம் ஓய்வாகக் கிடைக்கும் வரை க்யூவில் காத்திருக்கும், கட்டணம் மாறாது.

ஒரு ஜாயின் மட்டும் கடைசிக் கட்டத்தில் வெகுநேரம் நின்றது. பயனர் எண் தெரியாத பதிவுகள் எல்லாவற்றிலும் ஒரே பூஜ்ஜியம் இருந்ததால், அவை மொத்தமும் வேலையைப் பகிர்ந்து செய்யும் வொர்க்கர்களில் ஒன்றுக்கே போய்ச் சேர்ந்தன. மற்றவை சும்மா இருந்தன. அந்தப் பதிவுகளைத் தனியாகப் பிரித்து, ஜாயினுக்குப் பிறகு யூனியன் ஆல் மூலம் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

சரிபார்ப்புக்காகப் பழையதையும் புதியதையும் சில காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டோம். எண்ணிக்கை பொருந்தியது. தொகை மட்டும் தசமத்தில் எங்கோ தள்ளி வந்தது, அதுவும் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு மாதிரி. ஃப்ளோட் (தோராயமாகச் சேமிக்கப்படும் தசம) எண்களைப் பல இயந்திரங்கள் பிரித்துக் கூட்டும்போது கூட்டும் வரிசை மாறுகிறது, அதனால் விடையின் கடைசி இலக்கங்களும் மாறுகின்றன. பணத் தொகைகளை எல்லாம் நியூமெரிக் வகைக்கு மாற்றினோம். அது 38 இலக்கம் வரை, தசமத்துக்குப் பின் 9 இடம் வரை துல்லியமாக வைத்திருக்கும். அதற்குப் பிறகுதான் கணக்குப் பிரிவினர் புதிய அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னும் மாற்றாமல் இருப்பது மாதாந்திர அறிக்கை. விற்பனையைத் தினசரிச் சுருக்கங்களிலிருந்து கூட்டிவிடலாம். தனித்தனிப் பயனர்களின் எண்ணிக்கையை அப்படிக் கூட்ட முடியாது. திங்களும் செவ்வாயும் வந்தவர் இரண்டு பேராகிவிடுவார். மாதம் முழுவதையும் மறுபடி படிக்காமல், நாளுக்கொரு ஹைப்பர்லாக்லாக் ஸ்கெட்ச் (தனித்தனிப் பயனர்களைத் தோராயமாக எண்ண உதவும் சிறு சுருக்கம்) சேமித்து, மாதக் கடைசியில் அவற்றை இணைத்துப் பார்க்கிறோம். விடை தோராயமானதுதான், போக்கைப் பார்க்க அது போதும். பில் போடப் பயன்படும் எண்ணிக்கைக்கு மட்டும் ஒவ்வொருவரையும் ஒருமுறை மட்டும் துல்லியமாக எண்ணும் கவுண்ட் டிஸ்டிங்க்டையே வைத்துக்கொள்ளப் போகிறோம், எவ்வளவு படித்தாலும் சரி.