வரலாறு ஆப்ஷனல்: வியட்நாம் விடையில் நான் பண்ணின தப்பு

சிவில் சர்வீஸ் தேர்வு மார்க் வந்தாச்சு. இரண்டாம் தாளில் போன தடவை 98, இந்தத் தடவை 127. நடுவில் புதுப் புத்தகம் ஒன்றுகூட வாங்கவில்லை.

வியட்நாம் என்றாலே என் கை தானாக எழுதும் வரி இது: 'அமெரிக்க வீரர்கள் மனஉறுதி இழந்தார்கள், அதனால் அமெரிக்கா தோற்றது.' கோச்சிங்கில் இதற்கு டிக் போட்டுத்தான் தந்தார்கள். அந்த டிக்கை நம்பியதில் ஒரு வருஷம் போச்சு.

ஒரு நாள் தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் களம், வலப்பக்கம் வாஷிங்டன். தேதிகளை நிரப்பியதும்தான் உறைத்தது. 1968 டெட் (வியட்நாம் புத்தாண்டு) தாக்குதலில் பலத்த அடி வாங்கியது அமெரிக்காவை எதிர்த்த வியட்காங் கெரில்லாப் படைதான். ஆனால் மார்ச் 31 அன்று 'தேர்தலில் மறுபடி நிற்கமாட்டேன்' என்று அறிவித்தவர் அமெரிக்க அதிபர் ஜான்சன். 1969 மே மாதம் பத்து நாள் சண்டை போட்டுப் பிடித்த ஹாம்பர்கர் ஹில் என்ற மலையை அமெரிக்க வீரர்கள் ஜூனில் விட்டுவிட்டு இறங்கினார்கள். அதே ஜூனில் 25,000 வீரர்களைத் திரும்ப அழைப்பதாக அடுத்த அதிபர் நிக்சன் சொன்னார். சொந்த அதிகாரி மேலேயே கையெறி குண்டு வீசுவது, ரோந்துக்குப் போக மறுப்பது, ஹெராயின் எல்லாம் பெருகியது அதற்கப்புறம். தவறுக்காகச் சாகும் கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பது என்று 1971 ஏப்ரலில், வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய ஜான் கெர்ரி அமெரிக்க செனட் குழு முன் கேட்டார் இல்லையா, அதுதான் விஷயம். வாபஸ் முடிவு மனஉறுதியைத் தின்றது. மனஉறுதி போன படை, வாபஸை இன்னும் அவசரமாக்கியது. அம்புக்குறியை இரண்டு பக்கமும் போடுங்கள்.

ஒரு வருஷப் பணிக்காலத்தை மறக்காதீர்கள். ஹெல்மெட் துணியில் கட்டம் வரைந்து நாட்களை அடித்துக்கொண்டே இருந்தவன் கடைசி மாதத்தில் எந்த ரிஸ்க்கும் எடுக்கமாட்டான். கடைசி அட்டெம்ப்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றவை:
- மனஉறுதிக்கு 'தார்மீகம்' என்று எழுதித் தொலைக்காதீர்கள். மாரல் (moral, ஒழுக்கம்) வேறு, மொரால் (morale, மனஉறுதி) வேறு.
- எண் ஒன்று போதும்: வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படை 1969 ஏப்ரலில் உச்சம், சுமார் 5,43,000 பேர்.
- அமெரிக்க வீரர்கள் கிராமத்து மக்களைக் கொன்ற மை லாய்க்கு இரண்டு தேதி வேண்டும். படுகொலை 1968 மார்ச், வெளியே தெரிந்தது 1969 நவம்பர்.
- தென் வியட்நாமின் தலைநகர் சைகான் விழுந்தது 1975 ஏப்ரல் 30. அமெரிக்கப் போர்ப்படை 1973 மார்ச்சிலேயே கிளம்பிவிட்டது. 'சைகானை விட்டு ஓடிய வீரர்கள்' என்று எழுதிய பாவி நான்.

வேகமாக எழுதுகிறவர்களுக்கு இந்தக் கோடு போடும் வேலை எரிச்சலாக இருக்கும். நான் ஆமை. தேர்வறையிலும் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். மூன்று நிமிஷம் போனது, கடைசிக் கேள்வி பாதியில் நின்றது.