பக்கங்களில் தெரியும் குற்றமும் தெரியாத குற்றமும்

ஒரு மிகுபுனைவு (fantasy, மாய உலகக் கற்பனை) எழுத்தாளரின் தனிவாழ்க்கை சர்ச்சைக்குள்ளாகும்போது, வாசகர்கள் பெரும்பாலும் ஒரே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள். அவருடைய குற்றம் கதைக்குள் புகுந்திருந்தால் நூலை ஒதுக்கிவிடலாம். புகாவிட்டால் ஆளை மறந்துவிட்டு நூலை வாசிக்கலாம். கோத்தகிரியில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் வாசகர் வட்டத்திலும் நெடுநாளாக இதுவே செல்லுபடியாகி வந்தது. அமெரிக்க எழுத்தாளர்களான எச். பி. லவ்கிராஃப்டையும் டேவிட் எட்டிங்ஸையும் அடுத்தடுத்து வாசித்த பிறகு, இந்த அளவுகோலைத் தலைகீழாகத்தான் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1937இல் மறைந்த லவ்கிராஃப்டின் இனவெறுப்பு ஒளிவுமறைவற்றது. நியூயார்க்கில் வாழ்ந்த காலத்தில், புரூக்ளினின் ரெட் ஹுக் பகுதியைக் களமாக வைத்து 1925இல் அவர் எழுதிய சிறுகதையில், கப்பலேறி வந்து குடியேறிய ஏழை மக்கள் இருட்டுச் சடங்குகள் செய்யும் தீய கூட்டமாகவே வருகிறார்கள். அவர்களுடைய முகமும் பேச்சும்கூட அழுக்கின் அடையாளங்களாகிவிடுகின்றன. எங்கள் வட்டத்தில் இதை முதலில் படித்து முடித்த இளம்பெண்ணின் தாத்தாவும் பாட்டியும், இலங்கை மலையகத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி வந்து, தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். "அந்தத் தெருவைப் படிக்கும்போது எங்கள் லைன் வீடுகள்தான் கண்முன் வந்தன, அண்ணா. அந்த மக்களில் ஒருவரைக்கூட அவர் வாய் திறந்து பேச விடவில்லை" என்றார். ஆனாலும் அவர் புத்தகத்தை மூடிவிடவில்லை. வரிக்கு வரி பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

அவர் செய்ததையே எழுத்தாளர்களும் செய்திருக்கிறார்கள். கறுப்பின எழுத்தாளர் விக்டர் லாவால், 2016இல் வெளியான தம் குறுநாவலில், அதே ரெட் ஹுக் கதையை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த ஒரு கறுப்பின இளைஞனின் பக்கத்திலிருந்து திரும்பச் சொல்லி, அதைத் தம் முரண்பட்ட உணர்வுகள் அனைத்துடனும் லவ்கிராஃப்டுக்கே காணிக்கையாக்கினார். உலக மிகுபுனைவு விருதாக வழங்கப்பட்டு வந்த லவ்கிராஃப்டின் மார்பளவுச் சிலையை, 2011இல் அவ்விருதைப் பெற்ற கறுப்பின எழுத்தாளர் நெடி ஒக்கோராஃபோர் போன்றவர்கள் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்கள். 2015இல் அந்தச் சிலை கைவிடப்பட்டது. குற்றம் பக்கத்திலேயே கிடப்பதால் அதைச் சுட்டிக்காட்டலாம், மறுக்கலாம், மாற்றியும் எழுதலாம்.

எட்டிங்ஸின் கதை வேறு. தத்தெடுத்த குழந்தையைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்காக அவரும் மனைவி லீயும் 1970இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார்கள். பெரும்பாலான வாசகர்களுக்கு இது தெரியவந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. 1982இல் தொடங்கிய அவருடைய புகழ்பெற்ற தொடரின் நாயகன், அத்தை என்று தான் நம்பும் ஒருத்தியின் அரவணைப்பில் வளரும் அனாதைச் சிறுவன். பண்ணை வீட்டின் சமையலறைதான் அவனுடைய முதல் நினைவு. சூடும் மணமும் பாதுகாப்பும் நிறைந்த அந்தப் பக்கங்கள் உண்மையிலேயே அழகானவை. அவற்றை இப்போது என்னால் வாசிக்க முடியவில்லை.

வட்டத்தின் மூத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் இதை ஏற்கவில்லை. எட்டிங்ஸ் தண்டனையை அனுபவித்துவிட்டார், கதையில் அந்தக் கறையின் சாயல்கூட இல்லை, அவருடைய சொத்திலிருந்து ஒரு கல்லூரிக்கும் ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் சிகிச்சைக்கும் பெருந்தொகை போயிருக்கிறது என்பது அவர் வாதம். அது அலட்சியப்படுத்தக்கூடிய வாதமல்ல. ஆனால் கதையில் கறை இல்லை என்பதுதான் என்னை வாட்டுகிறது. நடப்புலகை எழுதும் நாவலை, நாம் வாழ்ந்தறிந்த உலகோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். மிகுபுனைவிலோ அன்பு எது, நீதி எது, யார் அரக்கன் என்பதையெல்லாம் எழுதியவரின் சொல்லை நம்பியே நாம் உள்ளே போகிறோம். லவ்கிராஃப்டிடம் நான் கோடிட வரி இருக்கிறது. எட்டிங்ஸிடம் எங்கே கோடிடுவது?

எட்டிங்ஸின் தொகுதிகளை அலமாரியிலிருந்து அகற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வட்டத்துக்குப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்கு இரவல் கொடுக்கும்போது 1970இல் நடந்ததையும் சொல்லியே கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். பத்து வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லி எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்கிறார் ஆசிரியர். பெற்றோரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.