பேலட்டின் நடுவே

"சிங்கப்பூர்ல கூடவா திருடுவாங்க?" என்று ஊருக்குப் போனால் கேட்பார்கள். துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் ஆறு வருடம் சரக்குக் கணக்குப் பார்த்தவனுக்குச் சிரிப்புதான் வரும்.

ஓர் ஆண்டுக் கடைசியில் ஸ்டாக் எடுத்தபோது குழந்தைப் பால்மாவு 34 பெட்டி குறைந்தது. கன்டெய்னர் சீல் உடையாமல் வந்திருந்தது, சீல் எண்ணும் சரக்குத் தாளில் இருந்ததோடு பொருந்தியது. கேமராவிலும் ஒன்றும் இல்லை. எங்கள் ஸ்டோர்கீப்பர் மன்னார்குடி அண்ணன்தான், "தம்பி, சுத்தியிருக்கிற பிளாஸ்டிக்க அறுத்துப் பாருங்க" என்றார். பெட்டிகளைப் பேலட் என்ற தட்டின்மேல் அடுக்கிப் பிளாஸ்டிக் சுற்றித்தான் அனுப்புவார்கள். அறுத்தோம். வெளிச்சுற்றில் பெட்டிகள் வரிசை குலையாமல் நின்றன. நடுவில் ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்குக் காலி. ஐந்து பேலட்டில் அப்படி.

யார் எடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. எப்படி முடிந்தது என்பது தெரியும். லாரி வந்தால் நாங்கள் பேலட்டைத்தான் எண்ணுவோம். பெட்டி பெட்டியாக எண்ண ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் பின்னால் நாலு லாரி ஹார்ன் அடிக்கும். லாரி ஒரு கம்பெனி, சரக்கு ஏற்றுபவர்கள் ஏஜென்சி ஆட்கள், கிடங்கு வேறொருவருடையது. யார் கையில் குறைந்தது என்று நிரூபிக்க முடியாதவரை எல்லோருமே யோக்கியர்கள்தான். வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டவன் நான்!

மேனேஜர் பதறவே இல்லை. "அரை சதவீதத்துக்குள்ள இருக்கா? சரி, நஷ்டக் கணக்குல எழுதிடு. போலீஸ் கீலீஸ்னு போனா கஸ்டமர் போயிடுவான்." 2024இல் சிங்கப்பூர்க் காவல்துறை பதிந்த கடைத்திருட்டுகள் 4,237. அவை யாரோ கவனித்துப் புகார் கொடுத்தவை. எங்கள் 34 பெட்டி எவர் கணக்கிலும் ஏறவில்லை.

தண்டனை ஒன்றும் லேசானதல்ல. முதலாளி பொருளை ஊழியர் திருடினால் 7 ஆண்டு வரை சிறை. இருந்தும் சிங்கப்பூரின் புக்கோம் தீவு எண்ணெய் ஆலையில் ஊழியர்களே 2007 முதல் 2018 தொடக்கம் வரை கப்பல்களுக்குத் திருட்டுத்தனமாக எரிபொருள் ஏற்றினார்கள். அளவைச் சரிபார்க்க வந்த சர்வேயர்கள் சிலருக்கே லஞ்சம் போயிருந்தது. எண்ணுகிறவனையே வாங்கிவிட்டால் அப்புறம் எந்தச் சட்டம் என்ன செய்யும்?

அடுத்து வந்த தைப்பூசத்துக்கு ஈசூனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் அதே பால்மாவு டின். "வாட்ஸ்ஆப்ல ஒருத்தர் பாதி விலைக்குக் குடுக்கிறார், பெட்டி நசுங்கின சரக்காம்" என்றாள். டின்னைத் திருப்பி, எந்தத் தொகுதிச் சரக்கு என்று காட்டும் லாட் எண்ணைப் பார்க்கப் போனேன். உள்ளே பிள்ளை அழுதது. அக்கா கை நீட்டினாள், கொடுத்துவிட்டேன்.