முதுமாணி ஆய்வு: பப்ளிஷ் பண்ண ஓடி நான் பட்ட பாடு

சமூகப்பணி முதுமாணிக்குப் பதிந்த தம்பி தங்கச்சிமார் திருகோணமலையிலிருந்து என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எந்தத் தலைப்பு எடுத்தால் கெதியாகப் பப்ளிஷ் பண்ணலாம்?" நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதனால் சிரிக்க மாட்டேன். நேர்முகத்துக்குப் போனால் கட்டுரை எத்தனை என்றுதான் முதலில் கேட்டார்கள்.

எனக்கு மனதில் இருந்தது நுண்கடன் எடுத்த பெண்களின் மனநிலை. புள்ளிவிவர ஆய்வென்றால் ஆங்கில இதழ்கள் லேசாக எடுக்கும் என்று யாரோ சொல்ல, மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கும் டாஸ்-21 கேள்விக்கொத்தைத் தூக்கிக்கொண்டு கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூருக்குப் பஸ் ஏறினேன். முற்றத்தில் கச்சான் உடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், போன கிழமை மனம் சோர்ந்து இருந்ததா, 0 முதல் 3 வரைக்கும் சொல்லுங்கோ என்றேன். "செவ்வாய்க்கிழமை தவணை கட்டவேணும் மகள். திங்களுக்கு 3 போடு, புதனுக்கு 0 போடு." தாளில் ஒரு கட்டம்தான் இருந்தது. நான் 2 போட்டேன்.

அந்த 2 பச்சைப் பொய். என் ஆய்வே அந்தத் திங்களில்தான் இருந்தது என்பது மேற்பார்வையாளர் சொல்லித்தான் மண்டையில் ஏறியது. திரும்பப் போய் நேர்காணல் எடுக்கலாம் என்றால், ஒழுக்கநெறிக் குழுவில் கேள்விக்கொத்துக்கு மட்டும்தான் அனுமதி வாங்கியிருந்தேன். திருத்தம் போட்டு ரெண்டு மாதம் காத்திருந்தேன். தரவு எடுத்த பிறகு அனுமதி தரமாட்டார்கள், அனுமதி இலக்கம் இல்லாத கட்டுரையைப் பல இதழ்கள் திருப்பிவிடும், ஆகவே நேர்காணலையும் முதலிலேயே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், இதழ். "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று மாணவியான எனக்கு மின்னஞ்சல் வந்தது. அனுப்பி மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள், 150 டொலர் கேட்டார்கள். காசுக்கு எதையும் போடும் இதழ் அது, நல்லவேளை கையில் காசில்லை. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறோம் என்று அவர்கள் சொல்வதை நம்பாமல், ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைப் போட்டுப் பாருங்கள், இடையில் நீக்கப்பட்ட இதழ்களும் உண்டு. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழென்றால், அவற்றுக்கான டிஓஏஜே பட்டியலில் தேடலாம். நம் நாட்டு இதழ்களுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற இணையத்தளம் இருக்கிறது, அதை ஏன் இளக்காரமாகப் பார்க்கிறோமோ தெரியாது. இதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்ணை) வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று 2012 இலேயே ஆய்வு மதிப்பீடு பற்றிய டோரா பிரகடனம் சொல்லிவிட்டது, நேர்முகக் குழுக்களுக்குத்தான் இன்னும் கேட்கவில்லை.

என் கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்துதான் வெளியானது. அதற்கு முன்பே இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி மாதர் சங்கத்தில் வாசித்தேன். சுயவிவரத்தில் அதற்கு இடமில்லை, சரி. கச்சான் அம்மா பின்வரிசையிலிருந்து கேட்டார்: "திங்கட்கிழமையையும் எழுதினியா மகள்?"